இரட்டை வாய்ச் சாடி

என் கணவர் பகபாதாவுக்கும் என் அண்ணன் வகௌகாவுக்கும் ஒரு குதிரைக்குட்டியால் பேச்சு நின்றுபோனது. தாய்க்குதிரை அண்ணனுடையது, தகப்பன் என் கணவருடையது. குட்டி தனக்கே என்று இருவரும் சொன்னார்கள். வழக்கு தீரும்வரை அத்தை வீட்டு லாயத்தில் நிற்கட்டும் என்றார்கள். தீரவில்லை. குட்டி அங்கேயே வளர்ந்து முழுக் குதிரையானது. அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான்தான் அதில் ஏறி ஓட்டிப் பார்ப்பேன்.

அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று கணவர் சொல்லிவிட்டார். அம்மா படுத்த படுக்கையான செய்தி வந்தபோதும் அதையே சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாதுளை உரித்துக்கொண்டே சொன்னார்.

இர்தயா அத்தை என் அப்பாவின் அக்கா. எங்கள் ஏக்பத்தனா நகரை ஒட்டிய மலையடிவாரத் திராட்சைத் தோட்டங்களில் பாதி அவளுடையது. வசந்த விருந்துக்கு இருவரையும் அழைத்தாள். அத்தை கூப்பிட்டு வராமலிருக்கும் தைரியம் இருவருக்கும் இல்லை.

ஆட்டுக்கறி காலியானதும் அந்த வெள்ளிச் சாடியைக் கொண்டுவரச் சொன்னாள். அதன் கைப்பிடிகள் இரண்டும் சிறகு முளைத்த மலையாடுகள். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்கும். அடியில் பக்கத்துக்கொன்றாக இரண்டு சிங்கத் தலைகள். மேலே மது ஊற்றினால் சிங்கங்களின் வாய் வழியாக வரும். இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒரே நேரத்தில் குடிக்க வேண்டும். வாயை எடுத்தால் மார்பெல்லாம் மது.

"மாப்பிள்ளை, இப்படி வாங்க. வகௌகா, நீயும் வா."

"இவரோட ஒரே சாடியிலயா?" என்றான் அண்ணன்.

"வாய் ரெண்டு இருக்குடா. எச்சில் படாது."

"அத்தை சொன்னா சரிதான்," என்றார் கணவர். "ஆனா மச்சானுக்கு ரெண்டு மடக்குலயே தலை சுத்துமே."

"உங்க குதிரையோட நடையைப் பாத்தப்பவே சுத்திடுச்சு மாப்பிள்ளை. இதுக்கு மேல என்ன சுத்தப்போகுது?"

"போதும்," என்றாள் அத்தை. "யாரு முதல்ல வாயை எடுக்கறாங்களோ, அவங்க குதிரையை மறந்துடணும். சம்மதமா?"

இருவரும் சம்மதித்தார்கள். ஆளுக்கொரு ஆட்டைப் பிடித்து, ஆளுக்கொரு சிங்கத்தை வாயில் வைத்துக்கொண்டார்கள். பணியாள் ஊற்றத் தொடங்கினான். சாடி காலியாகும் முன்பே அத்தை மறுபடி ஊற்றச் சொன்னாள். பிறகு மறுபடியும். விருந்தினர்கள் முதலில் ஆரவாரம் செய்தார்கள். அலுத்துப்போய்ப் பிஸ்தா உடைக்கத் தொடங்கினார்கள். நெற்றி சாடியில் முட்ட, இருவரும் மூக்கால் மூச்சுவிட்டு விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு ஒன்று விளங்கியது. இந்த நேரத்தில் இவர்களால் பேச முடியாது.

நான் எழுந்தேன்.

"அத்தை, அந்தக் குதிரையை நான் எடுத்துக்கறேன். அம்மாவைப் பாக்கப் போறேன். வேண்டாங்கறவங்க இப்பவே சொல்லிடட்டும்."

கணவரின் கண்கள் என் பக்கம் உருண்டன. "ம்ம்ம்!" என்றார். மூக்கு வழியாகக் கொஞ்சம் மது வந்தது. வாயைத்தான் எடுக்கவில்லை. அண்ணனின் காது சிவந்தது.

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்று காது மந்தமான கிழவர் ஒருவர் கேட்டார்.

"'ம்'ங்கறாரு. சம்மதமாம்," என்றாள் அத்தை.

"வகௌகா?"

"அவன் ஒண்ணும் சொல்லல. அதுவும் சம்மதந்தான்." அத்தை என்னைப் பார்த்தாள். "இன்னும் ஏன்டி நிக்கற? கெளம்பு. நீ ஊத்துப்பா, நிறுத்தாதே."

லாயக்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வெயில் சாயும் முன்பே ஊரைத் தாண்டிவிட்டேன்.

பிற்பாடு கேள்விப்பட்டது இது. இருவரும் ஒன்றாகத்தான் வாயை எடுத்தார்களாம். யார் முதலில் என்று வாதாடும் நிலையில் யாரும் இல்லை. ஒரே திண்டில் தலை வைத்துத் தூங்கிவிட்டார்கள். குடித்தபோது முடிவானதை மறுநாள் தெளிந்தபின் இன்னொருமுறை பேசுவது எங்கள் வழக்கம். அத்தையும் முறைப்படி கூட்டிவைத்துப் பேசினாள். குதிரையும் நானும்தான் அங்கே இல்லை.

"வேண்டாம்னு இருந்தா நேத்தே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாளாம். இருவரும் தண்ணீர் கேட்டார்களாம்.

அம்மா பாதியாக இளைத்திருந்தாள். என் முகத்தைத் தடவி, "எப்படிடி அனுப்பினான் உன் புருஷன்?" என்றாள்.

"அவர் வாயே தெறக்கல அம்மா."

நடந்ததைச் சொன்னேன். சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அது அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட்டன.

சில நாள் கழித்துக் கணவர் வந்து வாசலில் நின்றார். கூப்பிடாமல் நுழைய மாட்டாராம். அண்ணன் வெளியே போய் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை. குடிக்க மோர்தான் இருக்கு."

"மோரே போதும் மச்சான்."

திராட்சை அறுப்பு முடிந்து அம்மா போய்ச்சேர்ந்தாள். அதுவரை நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். கணவரும் வருவதும் போவதுமாக இருந்தார். அண்ணனுடைய குறட்டையால் தூக்கம் போகிறது என்று என்னிடம் குறைசொல்வார். அண்ணனும் அவரைப் பற்றி அதையேதான் சொன்னான்.