ஹேமநாதன் சிரித்த காரணம்

1

வாசகர் பொறுத்தருள வேண்டும். இது என் முதல் கதை. அம்பத்தூரில் நான் கணக்கெழுதும் தொழிற்சாலையில், ஆயுதபூசை அன்று கேட்ட ஒரு சிரிப்பிலிருந்து இது பிறந்தது. சிரித்தவர் எங்கள் மேலாளர் ஹேமநாதன்.

2

முதலில் இவ்வாறு தொடங்கினேன்: ‘சந்தனப் பொட்டிட்ட இயந்திரங்கள், பொரிகடலையின் மணத்தில்...’

(மன்னிக்கவும். அழகாக இருந்தது, உதவவில்லை.)

நடந்தது இது. ஒப்பந்தத் தொழிலாளி வெற்றிச்செல்வன், ஹேமநாதனைப் போலவே நடித்துக் காட்டினார். “எனக்குக் கோபமே வராதுப்பா” என்று மென்மையாகச் சொல்லி, மேசையை ஓங்கிக் குத்தினார். எல்லோரும் சிரித்தோம். பின்னால் நின்ற ஹேமநாதனும் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“குமணன்சாவடி கிளை மேலாளர் கோதண்டம்தானே? அப்படியே இருக்கு. ஆண்டுவிழாவுல முதலாளி முன்னாடி பண்ணுப்பா.”

3

இங்கே என் பாத்திரத்தின்மீதே எனக்கு ஐயம். தம்மையே ஒருவர் அறியாதிருப்பாரா? எங்கள் அனைவருக்கும் தெரிந்தது அவருக்கு மட்டும்... (பிழையெனில் பொறுக்கவும், இவ்வாக்கியம் முடியவில்லை.)

வெற்றிச்செல்வனின் வேலை நிரந்தரமாவதற்கு ஹேமநாதன்தான் கையெழுத்திட வேண்டும். மேடையில் நடித்தால், “இது நீங்கள்தானே?” என்று முதலாளி ஹேமநாதனிடம் கேட்டுவிடுவார். மறுத்தாலோ, மேலாளர் சொல்லை மீறியதாகும்.

“மாமே, நடிச்சாலும் வேல பூடும், நடிக்காட்டியும் பூடும். காய்ச்சல்னு ஊட்லயே படுத்துகினு இரு” என்றார் நண்பர் சரவணக்குமார்.

(அடிக்குறிப்பு: இதுவரை எழுதியதை உடன் பணிபுரியும் யுவராணியிடம் காட்டினேன். “இன்னாக்கா, வரிக்கு வரி மன்னிப்பு கேட்டுகினே கீறீங்க?” என்றார். “அப்படியா, மன்னிச்சுக்கம்மா” என்றேன். அவர் சிரித்த பிறகே எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து ஹேமநாதன்மீதான என் ஐயம் சற்றுக் குறைந்திருக்கிறது.)

4

ஒத்திகைக்கு ஹேமநாதன் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். தப்பிக்க எண்ணிய வெற்றிச்செல்வன், உண்மையாகவே கோதண்டத்தின் கரகரத்த குரலில் பேசினார்.

“அது இல்லப்பா. அன்னிக்குப் பண்ணினதையே பண்ணு. அந்தாளு கண்ணாடியைத் துடைச்சிட்டுத்தான் குத்துவாரு. அதை விட்டுட்டியே.”

சொல்லிக்கொண்டே ஹேமநாதன் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தெரிந்தா, தெரியாமலா? இரண்டு முடிவுகளையும் எழுதினேன். தெரிந்துதான் என்றால், அவர் பெரிய மனிதராகிவிடுகிறார், வெற்றிச்செல்வனும் பிழைக்கிறார். (நான் அதை விரும்புகிறேன், ஆகவே நம்ப அஞ்சுகிறேன்.) தெரியாமல் என்றால், மேடையில் முதலாளி சொல்லித்தான் அவர் அறிவார். அதன்பின் கையெழுத்து ஏது?

அவர் முகத்தைப் பார்த்திருந்தால் எழுதியிருப்பேன். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிச்செல்வன் இல்லாத கண்ணாடியைத் துடைத்தார். “எனக்குக் கோபமே வராதுப்பா” என்றார். குத்த ஓங்கிய கை மேலே போய் நின்றது. முன்வரிசையில் துடைத்து முடிந்த கண்ணாடி ஹேமநாதன் மூக்கில் மறுபடி ஏறியது.

வாசகரே, தாங்கள் அந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறீர்கள். முகம் தங்களுக்குத் தெரியும். கையை இறக்கலாமா என்று தயைகூர்ந்து வெற்றிச்செல்வனுக்குச் சொல்லுங்கள்.