உப்பு நாஸ்தார்

எனக்கு ஐம்பத்திரண்டு வயது, ரெத்னோவுக்கு முப்பத்தொன்று. ஆனாலும் நான்தான் அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டும். மனைவியை இழந்த என் அண்ணன் ஹர்யோனோ போன வருடம் அவளைக் கட்டிக்கொண்டான். மூத்தவன் பெண்டாட்டி மூத்தவள், எங்கள் மகெலாங் ஊரில் வழக்கம் அது. பெருநாளுக்கு முன் அன்னாசி ஜாம் வைத்த நாஸ்தார் பிஸ்கட்டில் முதல் ஜாடியை இளையவள்தான் மூத்தவள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நான் சுமந்துகொண்டு போக, அந்தச் சிறுக்கி உட்கார்ந்து வாங்கிக்கொள்வாள்.

போயிருக்கவே மாட்டேன். நிக்கெனுக்காகப் போனேன். அண்ணனின் மூத்த தாரத்து மகள், தாய் போன பிறகு என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள். வருடா வருடம் என் அடுப்படியில் உட்கார்ந்து அன்னாசி ஜாமை மாவுக்குள் வைத்து உருட்டுவாள். இந்த வருடம், "நிச்சயமான பொண்ணு, வீட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லியனுப்பிவிட்டாள் ரெத்னோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரெத்னோவுக்கென்று தனியாக ஒரு ஜாடி செய்தேன். அந்த ஜாமில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டினேன். நோன்பு மாதத்தில் பகலில் யார் ருசி பார்ப்பார்கள்? ஜாடியைப் பெருநாள் காலை வரை திறக்கவும் மாட்டார்கள். முதல் விருந்தாளி முன் அவள் முகம் போகும் போக்கை நினைத்துச் சிரித்துக்கொண்டே உருட்டினேன்.

"வாங்க தங்கச்சி" என்றாள், நாற்காலியை விட்டு எழாமலே.

"இந்தாங்க அண்ணி."

"இந்த வயசுல எதுக்கு இவ்வளவு சிரமம்? கடையில வாங்கியிருக்கலாமே."

"கடைச்சரக்குதான் இந்த வீட்டுக்குள்ள ஏற்கெனவே வந்தாச்சே. அதான் கையால செஞ்சேன்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் அதே ஜாடியோடு வந்து என் மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"அத்தை பண்ணினதுன்னு நிக்கென் ஆசையா இதை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனா. நோன்பு திறக்கறப்ப அவ மாமியார் வாயில போட்டுட்டுத் துப்பியிருக்காங்க."

நான் ஜாடியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஜாடி மாறிப்போச்சு, அது நான் செஞ்சது, நோன்புல ருசி பார்க்காம உப்பைப் போட்டுட்டேன்னு மன்னிப்பு கேட்டேன். நிக்கெனும் நம்பிட்டா. என்கூடப் பேசறதில்ல."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. வீட்டுக்குள்ள வெட்டுக்குத்துன்னு தெரிஞ்சா அந்தச் சம்பந்தம் நிக்குமா? பெருநாள் அன்னைக்கு மன்னிப்பு கேட்க என் காலடியில உட்காருவீங்கல்ல, அப்ப நம்ம வீட்டாளுங்க முன்னாடி வாயைத் திறங்க."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிக்கென் அவளோடு பேசுவதில்லை என்று கேட்டதும் உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்வானேன். வாயைத் திறப்பதில்லை என்றே முடிவு செய்தேன்.

பெருநாள் காலை, தொழுகை முடிந்து எல்லோரும் அண்ணன் வீட்டில் கூடினோம். ரெத்னோ முன் மண்டியிட்டு அவள் முழங்காலில் கை வைத்தேன். "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிக்கணும்" என்று ஒப்பித்தேன்.

அவள் குனிந்தாள். "தெரிஞ்சு செஞ்சது எது தங்கச்சி?"

எனக்குப் பின்னால் நின்ற நிக்கென் வெடித்தாள். "அத்தைகிட்ட என்ன கேள்வி? என் மானத்தை வாங்கினது நீங்க. நீங்கதான் அவங்க கால்ல விழணும்!"

ரெத்னோ உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றதை, அவ்வளவு கிட்டத்தில், நான் மட்டும்தான் பார்த்தேன். சனியன், திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன்.

"உப்பைப் போட்டது நான் நிக்கென்" என்றேன். "வேணும்னேதான் போட்டேன். இவங்க திங்கட்டும்னு."

நான் எழுந்து என் நாற்காலிக்குப் போனேன். நிக்கென் மண்டியிட்டு ரெத்னோவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

"மன்னிச்சிருங்கம்மா."

அம்மா என்று அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ரெத்னோ அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்து மன்னிப்பு கேட்க நிக்கென் வர வேண்டியது என்னிடம். மடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். நிக்கென் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், என்னைத் தாண்டி அடுப்படிக்குள் போய்விட்டாள்.