முழங்கைக் குழி

அத்தையின் இடது கையை மடக்கி நீட்டி, மறுபடியும் மடக்கி நீட்டிவிட்டு, சல்ஹா கால்மாட்டுக்கு நகர்ந்தாள். உயிர் போன சூடு ஆறுவதற்குள் மூட்டுகளை இளக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் குளிப்பாட்டும்போது உடம்பு விறைத்துக்கொண்டு அடம்பிடிக்கும். இரண்டு கால்களையும் வயிறுவரை மடக்கி நீட்டினாள். தாடையைத் துணியால் கட்டினாள். வலது கையை மட்டும் முழங்கையில் மடித்து, அடியில் ஒரு தலையணையைச் செருகி, மேலே கம்பளியை இழுத்துப் போர்த்தினாள்.

பிறகு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். அதே வளைவு. அளவு சரியாக இருந்தது.

அத்தை படுக்கையில் கிடந்த நான்கு மாதமும் காத்திருந்தாள். ஒவ்வொரு கரண்டி சூப் ஊட்டும்போதும், அந்த ஒரு வார்த்தையை இப்போது சொல்வாள், இந்த வாய்க்கு அப்புறம் சொல்வாள் என்று அத்தையின் உதட்டையே பார்த்திருந்தாள். நேற்று மாலை அந்த உதடு அசைந்தது. “உப்பே இல்ல” என்றது. விடியும்போது அடங்கிவிட்டது.

மையித்தைக் குளிப்பாட்டும் ஸஸியா, தீவின் மறுகோடியிலிருந்து வந்து சேரப் பத்து மணியாகிவிட்டது. முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பளியை விலக்கினாள்.

“என்னடி மப்ரூகா, உசுரோட இருந்தப்பதான் யார் பேச்சையும் கேக்கல. இப்பவாவது கையை நீட்டேன்டி.” அழுத்திப் பார்த்தாள். கை அசையவில்லை. “சல்ஹா, இதை நீ இளக்கி விடலையா?”

“மறந்துட்டேன்.”

“மத்ததெல்லாம் ஞாபகம் இருந்திருக்கு.”

ஸஸியா தலையணையை உருவி எடுத்தாள். அதைப் பார்த்தாள். சல்ஹாவின் கையைப் பார்த்தாள். தலையணையைச் சுவரோரமாகப் போட்டாள்.

“வெந்நி கொண்டா. நெறைய.”

சல்ஹா ஊற்றினாள். ஸஸியா இரண்டு கட்டைவிரல்களாலும் முழங்கைக்கு மேலே, கீழே, பின்னால் என்று பிசைந்துகொண்டே இருந்தாள். “அவசரப்படக்கூடாது. பொணம்தானேன்னு முறுக்கினா எலும்பு போயிடும்.”

போகட்டும் என்று நினைத்தாள் சல்ஹா. இப்படியே வளைந்த கையோடு மண்ணுக்குள் போகட்டும். பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது இடிக்கட்டும்.

போன குளிர்காலத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய்த் தையல் ஊசி நழுவத் தொடங்கியதும், கப்பலேறி அக்கரையில் ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேல்கை எலும்பு முழங்கைக்கு வரும் இடத்தில் துடுப்பு போலத் தட்டையாகி விரிந்திருந்தது.

“இதுக்குப் பின்பக்கம் எல்லாருக்கும் ஒரு குழி இருக்கும்மா. கையை நீட்டினா முன்கை எலும்போட மூக்கு அந்தக் குழியில போய் உக்காரும். உங்களுக்குக் குழி தூர்ந்துபோச்சு. மூக்குக்கு இடமில்ல. உள்பக்கக் குமிழும் சாஞ்சு ஒட்டியிருக்கு. அதுக்குப் பின்னால ஓடற நரம்பு உரசி உரசித்தான் வெரல் மரத்துப்போகுது. அன்னிக்கே ஒழுங்காச் சேத்துக் கட்டியிருக்கலாமே. எப்படி விழுந்தீங்க?”

“அத்திமரத்துலேருந்து.”

முப்பத்தோரு வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கப்பலில் திரும்பும்போதுதான் தன் வாயின் மீதே ஆத்திரம் வந்தது.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மாடியில் காயவைத்த பேய்க்கணவாயைப் பூனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மாடிப்படியின் உச்சியில் அத்தையின் கை அவள் முதுகில் பட்டது. கையை ஊன்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்பார்கள் என்று, முட்டை வெள்ளையும் மாவும் தடவி, ஈச்சமட்டை வைத்துக் கட்டினார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அத்தையே சிரித்துக்கொண்டு சொன்னாள், “கொரங்கு மாதிரி மரத்துல ஏறினா. விழாம?” வந்தவர்களும் சிரித்தார்கள். திரும்ப வரவில்லை.

“ம். வந்துட்டா” என்றாள் ஸஸியா.

அத்தையின் கை மெல்ல இறங்கி, பலகையின் மேல் நேராக நீண்டு கிடந்தது. எலும்பின் மூக்கு தன் குழிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எழுபத்தாறு வயதுக் கை, கயிறு கட்டி இழுத்ததுபோல அவ்வளவு நேராக இருந்தது. சல்ஹா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

கஃபன் துணி சுற்றி முடிந்தது. அத்தை மகன் லஸ்ஹர், பெண்கள் இருந்த அறையின் திரைக்கு வெளியே வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் முற்றம் நிறைய ஆண்கள். மதிய லுஹர் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“எங்கம்மா யாருக்காவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க.”

முற்றம் “மன்னிச்சோம்” என்றது. உள்ளே பெண்களும் சொன்னார்கள்.

“சல்ஹா?” என்றான் லஸ்ஹர். “உன் கொரல் கேக்கல.”

“நான் எங்கேருந்து விழுந்தேன், லஸ்ஹர்?”

“இப்ப போயி...”

“இப்பத்தான். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிட்டா அப்புறம் யாரைக் கேக்கறது? உனக்குப் பன்னெண்டு வயசு. படிக்குக் கீழே ரொட்டி தின்னுட்டு நின்னே.”

வெளியே யாரோ இருமினார்கள்.

“மாடிப்படியிலேருந்து” என்றான் கடைசியில்.

“கேக்கல.”

“மாடிப்படியிலேருந்து. அம்மா தள்ளிவிட்டா. மரம்னு சொல்லச் சொன்னா.”

பிறகு லஸ்ஹரின் குரல் உடைந்து வந்தது. “மன்னிச்சேன்னு சொல்லு, சல்ஹா. உன் காலைப் பிடிக்கிறேன்.”

சல்ஹா தரையில் சிந்திய தண்ணீரைத் துணியால் ஒற்றத் தொடங்கினாள். பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றினாள், பிழிந்தாள், மறுபடி ஒற்றினாள்.

ஸஸியாதான் திரையைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினாள். “நேரமாச்சு. தூக்குங்க.”

காலடிகள் தெருவில் தேய்ந்து மறைந்தன. சல்ஹா பாத்திரத்தில் மிஞ்சிய வெந்நீரை எடுத்துப்போய் முற்றத்து அத்திமரத்தின் அடியில் ஊற்றினாள். கடற்காற்றில் குறுகி, எந்தக் காலத்திலும் அவள் தோளுக்கு மேல் வளராத மரம். ஈரத்துண்டை உதறி அதன் உச்சிக்கிளையில் காயப்போட்டாள், வலது கையால். கையை நீட்ட வேண்டியிருக்கவில்லை.