கேட்காதவனைப் பற்றி ஒரு படம்

அப்துல் ரவூப் பாய் எடுத்த முதல் படத்தில் காங்கேயம் காளை ஒன்று விலைபோகாமல் பொழுது சாயும்வரை சந்தையில் நிற்கும். அவ்வளவுதான் கதை. அடுத்த படத்தில் திருமுருகன்பூண்டிச் சிற்பி ஒருவர் சாமி சிலையின் ஒரு காதை மட்டும் செதுக்குவார். டூரிங் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் இவற்றைப் போடச் சொல்லி பாய் யாரிடமும் கெஞ்சியதில்லை. "போடுங்க. புடிக்கலீன்னா சனம் எந்திரிச்சுப் போகட்டும்" என்பார். சனமும் போகும். பாய் வாசலில் நின்று, "எந்த எடத்துல எந்திரிச்சீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். பதில் வந்ததும் முகம் மலரும். "அதுதானுங்க நல்ல எடம். அடுத்த படத்துல அத இன்னும் நீட்டோணும்."

அந்த அடுத்த படத்தில் நான்தான் கதாநாயகன். 1971ஆம் வருஷம்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். மழை பொய்த்த வருஷம் ஊரைவிட்டு வந்து, வீரபாண்டியில் கிட்டுசாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். தைத்து வரும் பனியனைச் செக்கிங் பார்த்து, மடித்து, டஜன் கட்டில் அடுக்கும் வேலை. பாய் அங்கே கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் டைரக்டர்.

"உன்ற மூஞ்சில எப்பவும் ஒரு பயம் இருக்குது தங்கவேலு. எனக்கு அதுதான் வேணும். படம் முடியறவரைக்கும் மாத்திப்போடாத" என்றார்.

மாற்றிக்கொள்ள எனக்கும் வழியில்லை. ஊரில் அம்மாவும் தங்கைகளும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

பிலிம் ரோலுக்கும் கேமரா வாடகைக்கும் பணம் போட்டவர் முதலாளி. "படம் முழுக்க ஈரோ உங்க பனியனத்தான் போட்டுட்டு வருவானுங்க" என்று பாய் சொல்லியிருந்தார். பொய்யில்லை. ஆனால் அது ஒரே பனியன் என்று சொல்லவில்லை. முதல் காட்சியில் தோளில் கடுகளவு ஓட்டை. பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், ஓட்டை ஓடிக்கொண்டே இருக்கும். காட்சிக்குக் காட்சி அது பெருகும். கதையில் காலம் போவதைக் காட்ட பாய் வேறு எதையும் வைக்கவில்லை. நாளெல்லாம் பனியன் மடிக்கிறவன், தனக்கென்று ஒரு பனியன் கேட்காமலே இருக்கிறான். அதுதான் படம்.

கடைசிக் காட்சிக்கு ஒரே ஒரு ரோல் மிச்சமிருந்தபோது, அதுவரை எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. அவர் வீட்டுச் சுவரிலேயே போட்டுக் காட்டினோம். என் தோள் ஓட்டை உள்ளங்கை அளவுக்கு வந்தபோது முதலாளி எழுந்துவிட்டார்.

"ஏனுங் பாய், என்ற கம்பெனி பேரக் கெடுக்கறதுக்கு என்ற காசா?"

பாய் பதில் சொல்வதற்குள் முதலாளியின் சம்சாரம் தெய்வாத்தாள், "பாவமுங்க அந்தப் பையன். மாத்திப் போட ஒரு பனியன் இல்லீங்களா?" என்றார்.

"ஏன் இல்ல? கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனா?" முதலாளி என்னைப் பார்த்தார். நடித்தது நான், வேலை போனால் போவதும் என்னுடையது.

"குடுத்திருப்பீங்க. அவன் கேக்கலீங்களே" என்றார் பாய்.

"அப்ப நான் கேக்காமயே குடுக்கறேன். கடைசி சீன்ல அவன் புதுப் பனியன் போட்டிருக்கோணும். இல்லீன்னா அந்த ரோல இங்கயே வெச்சுட்டுப் போயிருங்க."

பாய் தலையாட்டினார். "நீங்களே வந்து குடுங்க மொதலாளி. உங்களயும் எடுத்தர்றேன்."

முதலாளியின் கோபம் பாதி இறங்கியது. எனக்குத்தான் ஆற்றாமையாக இருந்தது. வெளியே வந்ததும், "என்னண்ணே, இம்புட்டு லேசா விட்டுக் குடுத்துட்டீக?" என்றேன்.

"நான் எங்க விட்டேன்ப்பா?" என்று சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி சலவைச் சட்டையும் பவுடருமாக வந்தார். நான் கிழிந்த பனியனோடு என்னுடைய மடிப்பு மேசை முன்னால் நின்றேன். பக்கத்தில் பாதி அடுக்கிய கட்டு.

"நான் என்ன செய்யணும்ணே?"

"மொதலாளி குடுப்பாரு. வாங்கிக்க."

"வாங்கிட்டு?"

"வாங்கிக்கப்பா."

கேமரா ஓடத் தொடங்கியது. முதலாளி புதுப் பனியனை நீட்டி, "இந்தா கண்ணு" என்றார். நான் வாங்கினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊசி தையல் தவறவிட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். கழுத்துப்பட்டியை இழுத்துப் பார்த்தேன். கைப்பக்கம் உள்ளே போக மடித்து, கட்டின் மேல் வைத்துவிட்டு, அடுத்த பனியனுக்குக் கை நீட்டினேன். அடுத்தது வரவில்லை. அப்போதுதான் செய்தது உறைத்தது. கடைசி ரோல்!

முதலாளியைப் பார்த்தேன். அவரும் கேமராவை மறந்திருந்தார். கட்டு ஒரு பக்கம் சரிந்திருந்ததால் இரண்டு கையாலும் தட்டி நேராக்கி, மேலே உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். பிறகு நிமிர்ந்து என் தோள் ஓட்டையைப் பார்த்தார். நாங்கள் அப்படியே நின்றோம். ரோல் தீர்ந்து கேமரா நின்றது.

"உனக்குத்தானப்பா குடுத்தேன்?"

"கை தானா மடிச்சிருச்சுங்க மொதலாளி. ரோலக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க."

முதலாளி பாயிடம் திரும்பினார். "நான் என்ன பண்ணேன்?"

"நீங்க கட்ட நேராக்கினீங்க."

"அதும் வந்திருச்சா?"

"வந்திருக்குமுங்க."

"இன்னொரு ரோல் வாங்கித் தர்றேன். அவன் போட்டுக்கற மாதிரி எடுக்கறீங்களா?"

"பத்து ரோல் வாங்கித் தந்தாலும் எடுக்க மாட்டேனுங்க" என்றார் பாய். குரல் உயரவில்லை. கேமராவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி மேசையோரம் உட்கார்ந்தார். நான் மடித்து வைத்த பனியனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்தார். என் ஊர், அம்மா, பஸ் சார்ஜ் எல்லாம் எனக்குள் ஓடி முடிந்தன.

"பிலிமக் கழுவறதுக்கு மெட்ராசுக்குத்தான அனுப்போணும்?"

"ஆமாங்க."

"நாளைக்கே அனுப்பீருங்க. ஒண்ணையும் வெட்டாதீங்க பாய். நான் கட்டத் தட்டுனேன் பாருங்க, அதையும் வையுங்க."