இடது காதில் ஒரு வாரம்

குசாகாவுக்குப் பெண்டாட்டியைவிட அந்தக் கறுப்புப் பெட்டி மேல்தான் பிரியம் அதிகம் என்று வெளியாள் யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பெண்டாட்டி சிசேவுக்கு வராது. முதலில் அப்படிச் சொன்னதே அவள்தான்.

பெட்டி சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். உள்ளே இரண்டு பேட்டரி. அவை கொடுக்கிற மூன்று வோல்ட்டை ஐந்நூற்று எண்பதாக ஏற்றி, இயர்போனுக்குள் இருக்கும் ஒரு சவ்வுக்கு ஊட்டுவது அந்தப் பெட்டியின் வேலை. தலைமுடியைவிட மெல்லிய சவ்வு. மற்ற இயர்போன்களைப்போல் இதில் காந்தமும் கிடையாது, கம்பிச்சுருளும் கிடையாது. சவ்வில் மின்னேற்றம் நிற்கிற வரைக்கும்தான் பாட்டு.

அதனால் அதற்கு ஆயிரம் ஆசாரம். ஒலியை அடிமட்டத்துக்கு இறக்காமல் சுவிட்சைத் தொடக்கூடாது. போட்ட பிறகு அரை நிமிடம் சும்மா இருக்க வேண்டும். காதில் சட்டென்று அமுக்கினால் அடைபட்ட காற்று சவ்வை நெளித்துவிடும் என்பதால், கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் மெல்ல மெல்ல வைக்க வேண்டும். பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்கக்கூடாது; ஜோடி ஜோடியாகக் காகித நாடா சுற்றித் தேதி எழுதி வைத்திருந்தார். இரண்டு நாள் கேட்கவில்லையென்றால் கசிந்துவிடும் என்று பேட்டரியைக் கழற்றிவிடுவார். வீட்டில் உள்ள பத்து அடாப்டர்களில் இதற்குரியது எது என்று மாறிப்போய்ப் பெட்டி கருகிவிடக்கூடாதே என்று, சிசேவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து அதன் முனையில் தடவியிருந்தார். அந்த நகப்பூச்சை அவள் கல்யாண வீடுகளுக்கு மட்டும் போடுவாள். கேட்டுவிட்டா எடுத்தார்? அதெல்லாம் இல்லை.

ஜப்பானில், நீகாத்தா மலைப்பக்கத்துச் சாலைச் சுரங்கங்களில் கூரையைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது குசாகாவின் தொழில். தூக்கு வண்டியில் நின்றுகொண்டு காங்கிரீட்டைத் தட்டுவார். கணீரென்றால் நல்ல இடம். பொத்தென்றால் உள்ளே பொள்ளல்; இன்றோ நாளையோ பெயர்ந்து, கீழே போகிறவன் தலையில் விழும். இருபத்தாறு வருடமாக இதே வேலை. குழுத்தலைவர் முரோய், குசாகா தட்டிய இடத்தை மறுபடி தட்டுவதில்லை. ஆண்டுப் பரிசோதனையில் காது தேறாதவனைக் கீழே எச்சரிக்கைப் பலகை வண்டி ஓட்ட அனுப்பிவிடுவார்கள்.

வேலை முடிந்ததும் மேலெல்லாம் சிமெண்டுத் தூசி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பொது வெந்நீர்க் குளியலறைத் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்துவிட்டு, அந்தச் சூட்டோடு ரயில் ஏறி, வீடு வரும்வரை நாற்பது நிமிடம் இயர்போனில் பாட்டுக் கேட்பார். அவருடைய நாளில் அவருக்கென்று இருந்தது அந்த நாற்பது நிமிடம்தான்.

மழைக்காலம் தொடங்கி இரண்டாவது செவ்வாய்க்கிழமை. ஏதோ ஒரு மதுக்கூடத்தில் பதிவான பியானோ. நூறு தடவையாவது கேட்டிருப்பார். மூன்றாவது நிமிடத்தில், இடது பக்கம், யாரோ ஒருவர் மேசைமேல் கோப்பையை வைப்பார். அன்றைக்கு அந்த ஆள் வைக்கவில்லை. குசாகா பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். கோப்பையை விடுங்கள், பியானோவின் இடது பாதியே பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்து பேட்டரியை மாற்றினார். சிவப்பு முனை அடாப்டரைச் செருகினார். முனைகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார். சிசே வேலை செய்யும் அரிசி அப்பளத் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்ட தகர டப்பாவில் எல்லாவற்றையும் ராத்திரி முழுக்க வைத்தார். மறுநாள் மாலை குளித்துவிட்டு ரயிலில் போட்டால், அதே கதை.

ஒரு குறையும் வைக்காமல் பராமரிக்கிற பெட்டியில் எப்படிக் குறை வரும்? வராது. அப்படியானால் குறை காதில்தான். ஐம்பத்தொரு வயது, இருபத்தாறு வருடச் சுத்தியல் சத்தம்.

இயர்போனை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அது குசாகாவுக்குத் தெரியாதா என்ன? ஒருமுறை கையில் எடுத்து, மாற்றியும் பிடித்தார். இடதுபக்கத் துண்டு வலது காதில் நன்றாகக் கேட்டுவிட்டால்? அப்புறம் சொல்லிக்கொள்ள ஒரு சந்தேகம்கூட மிஞ்சாதே. கீழே வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க எந்த இடத்தையும் இரண்டு தடவை தட்டினார். கணீரென்றாலும் நம்பிக்கையில்லை. சாக்பீஸால் வட்டம் போட்டுவைத்தார். முரோய் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"யோவ் குசாகா, என்னய்யா இது? கூரை பூரா அம்மை வார்த்த மாதிரி இருக்கு."

"சந்தேகமா இருந்துச்சுண்ணே."

"உனக்கு சந்தேகமா? நீ தட்டுன எடத்துக்கு நான் கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடறவன். இத்தனையும் தட்டிப் பாத்துட்டேன், எல்லாம் கணீர்னு இருக்கு. வீட்ல சண்டையா?"

"அதெல்லாம் இல்லண்ணே. மழை."

"மழைக்கும் வட்டத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

குசாகா சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

அடுத்த புதன்கிழமை காலை ஆண்டுப் பரிசோதனை. நிறுவனத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் பரிசோதனைப் பேருந்து வந்து நின்றிருந்தது. விடாத தூறல். முந்தின ராத்திரியிலிருந்து யாரும் சாப்பிடக்கூடாதென்பதால் வரிசையில் நின்ற எல்லோருக்கும் முகம் சிடுசிடுவென்றிருந்தது. ரத்தம், நெஞ்சுப்படம், கடைசியில் காது. காதுக்கென்று பேருந்தின் பின்பக்கம் ஒரு சின்னக் கூண்டு. அதில் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும்.

கூண்டுக்கு ஒரு கண்ணாடி உண்டு. அது வழியாக, சத்தத்தை எழுப்பும் நர்ஸின் முழங்கை அசைவதைப் பார்த்து அழுத்தியே தேறிய ஆட்கள் உண்டு. குசாகாவுக்கும் அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் சிசே தினமும் வேலைக்குப் போகும் பேருந்து அந்த வாரம் அவர் தட்டிய சுரங்கம் வழியாகத்தான் போகிறது. காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், அவர் தட்டிய கூரைக்கு அடியில் அவள் தலை. முழங்கையைப் பார்த்துப் பட்டன் அழுத்தலாம். கூரைக்கு முழங்கை ஏது?

வரிசையை விட்டு விலகி, குடைக்கடியில் நின்ற முரோயிடம் போனார்.

"அண்ணே, என்னைய சுத்தியல் வேலையிலேர்ந்து எடுத்துடுங்க. பலகை வண்டிய ஓட்டிக்கிறேன்."

"என்னய்யா உளர்ற?"

"இடது காது போச்சுண்ணே. ஒரு வாரமாச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. மன்னிச்சுக்குங்க." இடுப்பை வளைத்துத் தலைகுனிந்தவர், நிமிர மறந்து அப்படியே நின்றார்.

முரோய் பதறிப்போய்க் குடையை அவர் பக்கம் சாய்த்தார். "நிமிருய்யா மொதல்ல. காது போச்சுன்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர் வேற சொல்லணுமா? இதுல கேட்டாலே தெரியுது." பையிலிருந்து பெட்டியை எடுத்தார்.

"குடு பாப்போம்."

"இருங்கண்ணே, ஒலிய இறக்கணும். ம்... இப்ப அரை நிமிஷம்."

"பசியில உசுரு போவுது, இதுல அரை நிமிஷமாம்."

"அமுக்காதீங்க! மெதுவா. மெதுவா வைங்க."

முரோய் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக வைத்தார். இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பியானோ அந்தக் கனத்த முகத்தை ஒரு கணம் லேசாக்கியது. பிறகு புருவம் சுருங்கியது.

"வலது பக்கம் பாட்டு. இடது பக்கம் கொசு."

குசாகாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அண்ணே! உங்களுக்கும் போச்சா?"

முரோய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இயர்போனைக் கழற்றி, வலதை இடது காதிலும் இடதை வலது காதிலும் கோணலும் மாணலுமாகத் திணித்துக்கொண்டார். அமுக்கித்தான் திணித்தார். குசாகாவுக்குத் தடுக்கத் தோன்றவில்லை.

"இப்ப கொசு வலது பக்கம் வந்துடுச்சு" என்றார் முரோய். "அறிவிருக்கா உனக்கு? ஒரு வாரமா இத மாத்திப் போட்டுக்கூடப் பாக்கலியா?"

"பாக்க பயமா இருந்துச்சுண்ணே."

"பயமா! பெட்டிய நம்புன, பேட்டரிய நம்புன, ஒன் காத மட்டும் நம்ப மாட்ட." இடதுபக்கத் துண்டைக் கழற்றி உற்றுப் பார்த்தார். "இன்னும் நசநசன்னு இருக்கேய்யா. குளிச்சுட்டு வந்து நேரா மாட்டிக்கிறியா?"

குசாகா இடது காதைத் தடவினார். அவருடைய இடது காதின் துளை கொஞ்சம் கோணல். பள்ளிக்கூடத்தில் நீந்தப் பழகிய காலத்திலிருந்து அந்தப் பக்கம் தண்ணீர் புகுந்தால் சாமானியத்தில் வெளியே வராது. வெயில் காலத்தில் ரயில் வருவதற்குள் தானாகக் காய்ந்துவிடும். இந்த மழையில் காயவில்லை. சவ்வில் ஈரம் பட்டால் மின்னேற்றம் கசிந்துபோகும் என்று அவர் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பார்! ராத்திரி டப்பாவில் அரைகுறையாகக் காய்ந்ததைச் சாயங்காலம் மறுபடி ஈரக்காதில் செருகியிருக்கிறார், ஒரு வாரமாக.

"காய்ஞ்சா சரியாயிடும்ணே" என்றார். "நாலு நாள் டப்பாவுல கெடந்தா போதும்."

"நீயும் போயி அதுக்குள்ளயே கெட" என்று சொல்லி, முரோய் அவரைப் பேருந்துப் பக்கம் தள்ளிவிட்டார். தள்ளிய கை தோளில் கொஞ்சம் தங்கியது. "போ. போயி காத காட்டிட்டு வா. இன்னிக்கு அந்த வட்டத்தையெல்லாம் நீதான் அழிக்கிற."

கூண்டுக் கதவு மூடியது. மழைச் சத்தம் நின்றுபோனது. குசாகா கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தார். வலது காதில் மெல்லிய ஓர் ஊதல்; அழுத்தினார். இன்னொன்று, அழுத்தினார். பிறகு ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம். இடது பக்கம் எங்கோ அடியிலிருந்து ஊசி நுனியளவு ஒரு சத்தம் கிளம்பி வந்தது. தெளிவாக, சுத்தமாக வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நர்ஸ் கூண்டைத் திறந்தாள்.

"என்னாச்சுய்யா? ஏன் அழறீங்க? உடம்பு முடியலையா?"

"இல்லம்மா. கேக்குது."

"கேட்டா பட்டன அழுத்தணும்யா, அழக்கூடாது."

"சரிம்மா" என்று சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் தானே இழுத்து மூடிக்கொண்டார் குசாகா. அடுத்த சத்தத்துக்கு அவள் பயந்துபோகிற அளவுக்குப் பட்டனை ஓங்கி அழுத்தினார்.