எங்கள் தோன் எலாதியோ

மலர்வளையம் வாசல் நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. சுமந்து வந்த நால்வரும் சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். உள்ளே கூடத்தில் அப்பா சவப்பெட்டியில் கிடந்தார். ஹசிந்தா எழுந்து போய் வாசலை மறித்து நின்றாள்.

வெள்ளை லில்லிகளின் குறுக்கே சிவப்புப் பட்டை. ‘எங்கள் தோன் எலாதியோவுக்கு’ என்று தங்க எழுத்தில் அப்பாவின் பெயர், மரியாதைக்கு ஒரு ‘தோன்’ சேர்த்து. கீழே மேயருடைய கட்சிச் சின்னம்.

“வெளியவே வைங்க.”

“மேயர் நேர்லயே வர்றாரும்மா. போட்டோக்காரரும் வந்தாச்சு,” என்றார் மேயரின் செயலாளர்.

தம்பி ரொஹேலியோ அவளை ஓரமாக இழுத்தான். நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் அவனுக்கு ஒப்பந்த வேலை. டிசம்பரில் முடிகிறது.

“அக்கா, சாவு வீட்டுக்கு வந்த பூவை யாராவது திருப்புவாங்களா?”

“‘எங்கள்’னு போட்டிருக்குடா. அப்பா எப்போ இவங்க ஆளானாரு?”

ஊர்த் தேர்தல் குழுவுக்கு அப்பாதான் தலைவர். மூன்று வாரத்துக்கு முன் மேயர் நாற்பத்தியொரு வாக்கில் மறுபடி ஜெயித்தார். தோற்ற ஹெர்லிந்தா டீச்சர் ஒலிபெருக்கி வைத்து அப்பாவைத் திருடன் என்றார். இரண்டு கட்சி ஆட்களையும் எதிரே உட்காரவைத்து அப்பா மறுபடி எண்ணினார். அதே நாற்பத்தியொன்று. ஜெயித்தவர்கள் அனுப்பிய டெக்கிலா மதுப்பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். டீச்சர் போட்ட வழக்கில் வரும் வியாழக்கிழமை தீர்ப்பு. செவ்வாய்க்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

“நாளைக்கு இந்தப் போட்டோ பேப்பர்ல வந்தா, டீச்சர் சொன்னது நிஜமாயிடும்.”

“என் வேலை போயிடும்க்கா.”

அவனுக்கு மூன்று குழந்தைகள்.

ரொஹேலியோ சவப்பெட்டியருகே போய் நின்றான். அப்பாவின் ஒரு கன்னத்தில் மட்டும் நரைத்த முடி அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றவன், சமையலறைக்குப் போய்க் கத்தியோடு வந்தான். பட்டையை அறுத்து, நான்காக மடித்து, செயலாளரிடம் நீட்டினான்.

“பூ இருக்கட்டும் சார். இதைக் கொண்டுபோங்க.”

“யோசிச்சுத்தான் செய்றியா?”

“இல்ல சார். யோசிச்சா செய்யமாட்டேன்.”

மேயரின் கார் தெருமுனை வரை வந்து திரும்பிப் போனது.

மெக்சிகோ சிட்டியிலிருந்து அத்தை வந்ததும் சாயங்கால ஜெபமாலை தொடங்கியது. நடுவில் ஹெர்லிந்தா டீச்சர் தனியாக வந்தார். ஜெபம் பாதியில் நின்றது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை; ஹசிந்தாவும் எதிர்பார்க்கவில்லை. ரொஹேலியோ காலை ஒதுக்கி வழிவிட்டான்.

ஜெபம் மறுபடி எழுந்தது. தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி சாய, டீச்சர் எழுந்து அதை நிமிர்த்தினார். உருகிய மெழுகு விரலில் வழிந்தும் கையை உதறாமல், அது நேராக நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.