பெரியதுக்குப் பின்னால் ஐந்து மைல்

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களா. கையில் வேலை இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும், காதை மட்டும் என்னிடம் கொடுங்கள். ஆகாயத்தில் வருகிறவர்களைத் தரையில் உட்கார்ந்துகொண்டே வரிசைப்படுத்திய ஒருத்தியின் கதை சொல்லப் போகிறேன். நினைத்தாலே இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

ஒரு விமான நிலையம். அதில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. பட்டப்பகல் மூன்றரை மணிக்கும் உள்ளே மங்கலாகத்தான் இருக்கும், ரேடார் திரை தெளிவாகத் தெரிய வேண்டுமே. இறங்க வருகிற விமானங்கள் ஒன்றையொன்று நெருங்காமல் பார்த்து, ஒன்றன் பின் ஒன்றாக ரன்வேக்கு நேரே கொண்டுவந்து விடுவது அந்த அறையின் வேலை.

திரைக்கு முன்னால் இருந்தவள் கைக்குழந்தைக்காரி. பிரசவத்துக்குப் போய் எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறாள். அத்தனை நாள் விலகி இருந்தால் மறுபடி தேர்வு உண்டு. பேனாவும் காகிதமும் வைத்து அல்ல, நிஜ விமானங்களை வைத்து. போன வாரம் ஒரு தடவை தோற்றாயிற்று. இன்றும் தவறினால் இந்த நாற்காலி கிடையாது, மாடியில் கோப்பு மேசைதான். காலையில் அவள் செருப்பு மாட்டும்போது, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே புருஷன் சொன்னான்: "நீ போய் அதுங்களை இறக்கு. நான் இதைத் தூங்க வைக்கறேன். யார் வேலை கஷ்டம்னு சாயந்திரம் பேசிக்கலாம்."

அவளுக்குப் பின்னால் ஓர் அடி தள்ளித் தேர்வாளர். அந்த அறையில் அவருக்குக் கழுகார் என்று பெயர். காதில் ஹெட்செட், மடியில் எழுதும் அட்டை. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அரை மணி நேரம் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. காத்திருந்த விமானங்கள் எல்லாம் ஒரேயடியாக வந்தன. அவளுக்கோ உற்சாகம் தலைக்கேறிவிட்டது. நீ இடப்பக்கம் திரும்பு, நீ வேகத்தைக் குறை, நீ மூவாயிரம் அடிக்கு இறங்கு என்று ஒவ்வொன்றையும் மணி கோத்த மாதிரி வரிசையில் சேர்த்தாள். எட்டு மாதம் போனதே தெரியாமல் விரல்கள் ஓடின.

மேலே கண்ணாடிக் கோபுரத்தில், ரன்வேயைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவளுடைய நாத்தனார் இருந்தாள். அங்கிருந்து தொலைபேசி மின்னியது.

"அண்ணி, டவர்ல இருந்து பேசறேன்."

"உன் குரலைக் கேட்டா தெரியாதா? சொல்லு."

"இங்க ஒரு பெரிய விமானம் கிளம்பறதுக்கு இருபது நிமிஷமா நிக்குது. நடுவுல கொஞ்சம் இடம் விட்டீங்கன்னா அனுப்பிடுவேன்."

"இப்ப ஊசி நுழைய இடமில்ல."

"வீட்டு அலமாரியில இடம் கேட்டாலும் இதேதான் சொல்றீங்க."

கழுகார் லேசாக இருமினார். அவள் தொலைபேசியை வைத்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு விமானங்களுக்கு நடுவில் குறைந்தது மூன்று மைல் வேண்டும். பெரிய விமானம் முன்னால் போனால் அது போதாது. அதன் இறக்கைகள் காற்றைக் கடைந்து சுழலாக விட்டுவிட்டுப் போகும். பின்னால் வரும் சின்னது அதில் மாட்டினால் புரட்டிப் போட்டுவிடும். அதனால் பெரியதுக்குப் பின்னால் ஐந்து மைல்.

ஐம்பத்தேழு என்று ஒரு விமானம் தினமும் மூன்றே முக்காலுக்கு வரும். வருஷக்கணக்காகச் சின்ன விமானம்தான். அன்றைக்குப் பயணிகள் அதிகம் என்று கம்பெனி பெரியதை அனுப்பியிருந்தது. மேசையில் விமானத்துக்கு ஒன்றாக நிற்கும் காகிதச் சீட்டில் பெரியது என்ற குறி இருந்தது. பைலட்டும் முதலில் கூப்பிட்டபோது சொன்னார். அவள் காது கேட்டது, மனசு கேட்கவில்லை. ஐம்பத்தேழு என்றால் சின்னது, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் சேர வேண்டிய தொண்ணூற்றிரண்டு என்ற சின்ன விமானத்துக்கு நாலு மைல் என்று இடம் போட்டுவிட்டாள்.

கழுகார் அட்டையில் ஏதோ எழுதினார்.

ரன்வே நெருங்கும் இடத்தில் ஐம்பத்தேழு எப்போதும் மெதுவாகும். பின்னால் வருவது அதை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். இன்று அது மெதுவாகவில்லை. விறுவிறு என்று போய்க்கொண்டே இருந்தது. வரிசையில் சேரப் பக்கவாட்டிலிருந்து, அதைவிட ஆயிரம் அடி மேலே வந்துகொண்டிருந்த தொண்ணூற்றிரண்டை இறங்கச் சொல்ல வேண்டிய நேரம். அவள் பேசும் விசையை அழுத்தியே விட்டாள். ஏன் இவ்வளவு வேகம்? கண் சீட்டுக்குப் போனது. பெரியது.

 உயரம் ஒன்றுதான் இப்போது இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. இறங்கினால் அதுவும் போகும். திருப்பினால் கட்டிய வரிசை கலைந்து, தப்பு ஊருக்கே தெரியும். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"தொண்ணூத்திரண்டு, இறங்காதீங்க. அதே உயரத்துல வலப்பக்கம் திரும்புங்க. மறுபடி வரிசையில சேர்க்கறேன்."

"திரும்பறோம். நாங்க என்ன தப்பு பண்ணினோம்னு தெரிஞ்சுக்கலாமா?"

"தப்பு என்னோடது. முன்னால போறது பெரிய விமானம். உங்களுக்கு அஞ்சு மைல் வேணும், நாலுதான் இருக்கு."

அந்த அலைவரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கழுகாரும் கேட்டார். கன்னம் சுட்டது, ஆனால் கை நிற்கவில்லை. தொண்ணூற்றிரண்டு விலகிய இடத்தில் எட்டு மைல் திறந்து கிடந்தது. அவளே டவரைக் கூப்பிட்டாள்.

"எட்டு மைல் இருக்கு. ஐம்பத்தேழு இறங்கி விலகினதும் உன்னோடதை அனுப்பிடுவியா?"

"ரன்வே ஓரத்துல தயாரா நிக்குது. அண்ணி, நிஜமாவா?"

"பேசிக்கிட்டே இருந்தா மூடிடும்."

ஐம்பத்தேழு தரை தொட்டது, விலகியது. பெரிய விமானம் உறுமிக்கொண்டு எழும்பியது. அடுத்தது வந்து இறங்கியது. அதற்கடுத்ததும். பதினோராவது நிமிஷம் தொண்ணூற்றிரண்டு பத்திரமாகத் தரை தொட்டது. பைலட் நன்றி சொன்னபோதுதான் அவளுக்கு முதுகு முழுக்க வேர்த்திருப்பது தெரிந்தது.

கூட்டம் ஓய்ந்தது. கழுகார் ஹெட்செட்டைக் கழற்றினார்.

"எப்பம்மா தெரிஞ்சுது?"

"அது வேகம் குறையாதப்ப, சார்."

"சீட்டுல போட்டிருந்துதே."

"போட்டிருந்துது. பைலட்டும் சொன்னார். பழக்கத்துல சின்னதுன்னே எடுத்துக்கிட்டேன், சார்."

அவர் அட்டையை அவள் பக்கம் திருப்பினார். 'ஐம்பத்தேழுக்குப் பின்னால் நாலு மைல், அருமை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சரி வேறு போட்டிருந்தார்.

"எனக்கும் அது சின்னதுதான்," என்றார். "நீ திருப்பினப்ப எதுக்குன்னே புரியல. பைலட்டுக்கு நீ சொன்ன பதிலைக் கேட்டுத்தான் சீட்டைப் பார்த்தேன்."

அந்த வரியை நீளமாக ஒரு கோடு இழுத்து அடித்தார். அதன் கீழே 'தேர்ச்சி' என்று எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"இடைவெளி போறதுக்கு முன்னாடி பிடிச்ச. மறைக்கவும் இல்ல. நாற்காலி உன்னோடது."

அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு புள்ளி முளைத்தது. சட்டென்று திரும்பி முதலில் சீட்டைப் படித்தாள், அப்புறம்தான் பைலட்டுக்குப் பதில் சொன்னாள். கழுகார் தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டுவிட்டு வெளியே போனார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து எங்கே யார் கிளம்பினாலும், முகம் தெரியாத ஒருத்தி கண் விழித்துப் பார்த்துக்கொள்ளட்டும். போனவர்கள் போன காரியம் முடித்துச் சிரித்த முகத்தோடு வந்து சேரட்டும். உங்கள் வீடு நிறைந்து இருக்கட்டும்.